மின்மினிக்கு எதற்கு டார்ச் லைட்?

பள்ளி விடுமுறை வந்தால் கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் குடும்பங்கள் கூடாரத்தோடு கோலசிலாங்கூர் பக்கம் கிளம்பிவிடுகின்றன. நல்லதுதான், என் மாணவர்களையும் போகச் சொல்கிறேன். ஆனால் கம்போங் குவாந்தான் ஆற்றோரம் டார்ச் அடிப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. பெரெம்பாங் மரத்தில் ஆண் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னுவது நமக்காக அல்ல, பெண் பூச்சிக்காக. நம் வெளிச்சத்தில் அந்த அழைப்பு மங்கிவிடும். இணை சேராவிட்டால் முட்டை ஏது? புழுக்களோ மரத்தில் இல்லை. ஈரமான கரையில் நத்தை தின்று வளர்கின்றன. அங்கேதான் நாம் கூடாரம் அடிக்க இடம் தேடுகிறோம்! முகாமை ஆற்றைவிட்டுத் தள்ளிப் போடுங்கள். கைப்பேசி ஃபிளாஷும் வேண்டாம். கண் இருட்டுக்குப் பழக 20 நிமிடமாவது ஆகும். பிள்ளைகளைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.