நம் பிள்ளைகளின் காமெடிக்கு ஒரு மேடை வேண்டும்

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொள்ளாதவர் இந்தப் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். தஞ்சாவூர் பஸ், மன்னார்குடி பஸ், நெல் மூட்டை லாரி, கல்யாணக் கார் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். தெருவுக்குத் தெரு பிரிந்து கிடக்கிற ஊரில், எல்லோரும் சமமாகக் காத்துக் கிடக்கிற இடம் அது ஒன்றுதான். அதை வைத்து ஒரு காமெடி எடுக்கலாம் என்று எங்கள் தெருப் படிப்பகத்துப் பையன்கள் சொன்னபோது எங்களுக்கும் பிடித்துப்போனது.

கதை சின்னது. கேட் மூடியிருக்கிறது. காரில் இருக்கும் பெரிய மனிதருக்குத் தாகம். ஒரு பையன் தண்ணீர் நீட்டுகிறான். வாங்குவதற்கு முன் அவர், "தம்பி எந்த ஊரு?" என்கிறார். சொல்கிறான். "ஊருல எந்தப் பக்கம்?" "பள்ளிக்கூடத்துக்கிட்டங்க." "பள்ளிக்கூடத்துக்குக் கிழக்கயா, மேற்கயா? அப்பா பேரு? கும்புடுற சாமி எது?" விசாரணை முடிவதற்குள் கேட் திறந்துவிடுகிறது. பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார். பெரிய மனிதர் தொண்டை வறண்டபடியே கிளம்புகிறார். மொத்தம் ஏழு நிமிடம்.

செலவு 740 ரூபாய். அதில் 300 இரவல் காருக்குப் போட்ட பெட்ரோல், மிச்சம் டீயும் போண்டாவும். செல்போனில்தான் எடுத்தார்கள். மைக்கில் காற்று இரையாமல் இருக்க அதற்கு ஒரு பழைய சாக்ஸை மாட்டினார்கள். நடித்தவர்களில் இரண்டு பேர் கல்லூரி மாணவர்கள், ஒருவர் பெயிண்டர். பெரிய மனிதராக நடித்தவர் வயல் வேலைக்குப் போகிறவர். நடவு வயலில் யார் நடையையும் பேச்சையும் அப்படியே செய்து காட்டுவார். பெண்கள் நாற்றைக் கீழே போட்டுவிட்டுச் சிரிப்பார்கள். வரப்பில் ஆள் வருகிறார் என்றால் சட்டென்று நின்றுவிடும் அந்தச் சிரிப்பு.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். முதலில் எழுதிய வசனத்தில் குடிகாரன் ஒருவன் வந்தான். அவன் நம் தெருக்காரன். கறுப்பு நிறத்தையும் பல்லையும் வைத்து நாலு ஜோக். எல்லோரும் சிரித்தோம், நாங்களும்தான். படித்துப் பார்த்த கல்லூரி மாணவி ஒருத்தி, "குடிகாரன்னா நம்ம தெருவுலேருந்துதான் வரணுமாண்ணே?" என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. சினிமா காமெடி இத்தனை வருஷமாக நமக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது. நம்மைப் பார்த்து நாமே சிரிக்கப் பழகியிருக்கிறோம். அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்ட பிறகுதான் கேட் கதை வந்தது.

வேறு பாடமும் தமிழ் சினிமாவில் இருந்தது. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் 1949-இல் வந்த ‘நல்லதம்பி’ படத்தில் கிந்தனார் காலட்சேபம் செய்தார். நம் டெல்டாவில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்ட நந்தனார் கதையை அவர் திருப்பிப் போட்டார். நந்தன் நெருப்பில் இறங்கினான். கிந்தன் ரயில் ஏறிப் பட்டணம் போய்ப் படித்து, கல்வி அதிகாரியாகத் திரும்பி வந்தான். அங்கே கிந்தனைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அவனைத் தள்ளி வைத்தவர்களைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

நம் காலத்தில் கோபியும் சுதாகரும் அதைச் செய்தார்கள். 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் கவின் செல்வகணேஷ் வெட்டிக் கொல்லப்பட்டார். அடுத்த சில நாட்களில் இவர்களுடைய ‘பரிதாபங்கள்’ சேனலில் ‘சொசைட்டி பாவங்கள்’ வந்தது. சாதிப் பெருமை பேசுகிறவர்களின் வாயைப் போலவே பேசிக் காட்டி, அந்தப் பெருமை எவ்வளவு அற்பமானது என்று காட்டினார்கள். நடவடிக்கை எடுக்கச் சொல்லி போலீஸில் புகார் போனது. ஆதரவும் பெருகியது. அவர்களுக்கு நம் நன்றி உண்டு. ஆனால் அவர்களுக்கு லட்சக்கணக்கான ரசிகர்கள் இருக்கிறார்கள். புகார் வந்தாலும் அது செய்தியாகும்.

எங்கள் ஏழு நிமிடம் இன்னும் போனிலேயே கிடக்கிறது. வெளியிடுவதற்கு முதல் நாள் இரவு, பெரிய மனிதராக நடித்தவரின் அப்பா படிப்பகத்துக்கு வந்தார். "நல்லாத்தான் இருக்குப்பா, நானும் சிரிச்சேன். ஆனா விடிஞ்சா நான் அவங்க வயலுக்குத்தானே போகணும்?" என்றார். இதைக் கோழைத்தனம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. 1937 டிசம்பரில் இதே நீடாமங்கலத்தில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில் சமபந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்பதற்காக நம்மவர்களை அடித்து, மொட்டையடித்து, சாணிப்பால் புகட்டினார்கள். ‘விடுதலை’ அதை வெளியே கொண்டுவந்தது. ஆய்வாளர் ஆ.திருநீலகண்டன் அதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார். சோறு தின்றதற்கே அந்தக் கதி. சிரித்தால் என்ன ஆகும் என்று ஒரு தகப்பன் பயப்படுவதில் என்ன தவறு?

எனவே பையன்களிடம் மட்டும் தைரியத்தைக் கேட்பது நியாயமில்லை. தனியாக ஒருவன் தன் முகத்தோடு போட்டால் அடி அவன் வீட்டுக்கு வரும், அவன் அப்பாவின் கூலிக்கு வரும். இயக்கத்தின் பெயரில், நூறு பேர் உட்கார்ந்திருக்கிற மேடையில் நடந்தால் அது நம் எல்லோருடைய காமெடி ஆகிவிடும். ஏப்ரல் 14 அன்று ஊருக்கு ஊர் மேடை போடுகிறோம். தலைவர்கள் பேசுகிறார்கள், பிறகு ரெக்கார்டு டான்ஸ். அந்த டான்ஸ் நேரத்தில் அரை மணியை நம் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். பெண் பிள்ளைகளையும் ஏற்றுங்கள், வசனத்தை முதலில் அவர்களிடம் படிக்கக் கொடுங்கள். பக்கத்து ஊர் வக்கீல் ஒருவரை முன் வரிசையில் உட்கார வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

எங்கள் பையன்கள் மறுபடி ஒத்திகையைத் தொடங்கிவிட்டார்கள். அந்த அப்பா, கேட் கீப்பராகத் தானும் வருகிறேன் என்கிறார், மேடையில் என்றால் மட்டும். காருக்குத்தான் வழியில்லை, போன தடவை கொடுத்தவர் இப்போது போனை எடுப்பதில்லை. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு ஸ்டியரிங்கும் போதும் என்கிறான் பெயிண்டர்.