நீரின் கணக்கு யாருடைய அமானத்?

இற்றை நாளில் நகராட்சி மன்றம் முதல் ஊராட்சி அலுவலகம் வரை எங்குச் சென்றாலும் ஒரே முழக்கம் நம் செவியில் விழுகின்றது. "கணினி வந்துவிட்டது, தரவுகள் குவிந்துவிட்டன, இனி மக்கள் பணியில் குறை ஏது?" என்கின்றனர். 2015-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் மைய அரசு தொடங்கிய 'ஸ்மார்ட் சிட்டி' என்னும் சீர்மிகு நகரத் திட்டத்தில் நாடெங்கும் 100 நகரங்கள் இடம்பெற்றன. அவை ஒவ்வொன்றிலும் சுவரளவு திரைகள் பொருத்திய கட்டுப்பாட்டு மையம் எழுந்தது. தமிழகத்தில் 11 நகரங்கள். அண்டையிலுள்ள சேலமும் ஈரோடும் அவற்றுள் உண்டு, தருமபுரி இல்லை. 2025 மார்ச் இறுதியோடு அத்திட்டமும் முடிவுற்றது. "நம் ஊருக்கு அந்தத் திரை வாய்க்கவில்லையே!" என ஏங்குவோர் இங்கு உளர். நாம் ஏங்கவில்லை. நம் வழக்கு வேறு. திரை வருவதற்கு நெடுநாள் முன்பே தருமபுரியின் நீரைப் பற்றிய கணக்கு இருந்தது. அக்கணக்கு, நீரைக் குடிப்பவனின் கைக்கு வந்ததா என்பதே நம் கேள்வி.

மதரஸாவில் ஃபிக்ஹு பயிலும் மாணவன் முதலில் ஓதுவது தஹாரத் என்னும் தூய்மைப் பாடம். அதன் தொடக்கமோ நீரின் பாடம். நீரின் நிலையை நிறம், சுவை, மணம் ஆகிய மூன்றைக் கொண்டு அறிய வேண்டும் என்று நம் இமாம்கள் வகுத்தனர். ஒளுச் செய்வதற்கு அந்த அளவுகோல் என்றும் போதுமானதே. ஆனால் தருமபுரியின் பாறைகளைத் துளைத்து வரும் நீரில் கலந்துள்ள ஃபுளோரைடு இம்மூன்றில் ஒன்றையும் மாற்றுவதில்லை. பளிங்குபோல் தெளிந்த நீர், நாவிற்கு இனிய நீர், மணமற்ற நீர். அதைக் குடித்து வளரும் குழந்தையின் பல்லில் சுண்ணம் பூசியதுபோல் வெண்புள்ளி தோன்றுகிறது. பின் அது பழுப்பேறுகிறது. நிலைத்த பற்கள் உருவாகும் முதல் எட்டாண்டுகளில் நேர்ந்த அந்தக் கறை பின்னர் எத்தனை முறை துலக்கினும் நீங்காது. ஆண்டுக்கணக்கில் மிகுதியாக உட்கொண்டால் எலும்பும் மூட்டும் இறுகி முதுகு வளைகின்றது. காய்ச்சிக் குடித்தால் தீருமா? தீராது, நீர் ஆவியாக, எஞ்சியதில் ஃபுளோரைடு செறிவுதான் கூடும். கண்ணும் நாவும் மூக்கும் சான்றளிக்க இயலாத இவ்விடத்தில் அளவு ஒன்றே சாட்சி. ஆகவே, அளவிடும் அறிவியலை நாம் பழிக்க வரவில்லை. அதை வணங்காமல் மதிக்கிறோம்.

இந்தச் சாட்சி நேற்றுப் பிறந்ததன்று. 1937-ஆம் ஆண்டிலேயே, அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் இந்நோயை ஆராய்ந்து, கிண்டி கிங் நிலையத்தைச் சேர்ந்த ஷார்ட் என்பவரும் அவர் குழுவினரும் கட்டுரை வெளியிட்டனர். ஒரு லிட்டர் நீரில் 1 மில்லிகிராம் ஃபுளோரைடே ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடைக்காவிடில் 1.5 வரை பொறுக்கலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் கூறுகின்றது. தருமபுரி மாவட்டத்தின் பல ஊர்க் கிணறுகள் அந்த எல்லையைக் கடந்தவை என்பது சோதனைகளில் தெளிவாயிற்று. அதன் பயனாகவே, நோயின் பெயரையே தன் பெயரில் தாங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம் பிறந்தது. 2008-இல் அடிக்கல் நாட்டப்பெற்று, ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன், 1,900 கோடி ரூபாய்க்கும் மேலான செலவில் உருவாகி, 2013 மே திங்களில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொணர்ந்தது. அளந்ததால் விளைந்த நன்மை இது. இதை மறுப்பது நன்றி கொல்லுதல்.

எனினும் அளப்பது ஒன்று. எதை அளப்பது என்பது மற்றொன்று. 2019 ஆகஸ்டு 15 அன்று அறிவிக்கப்பெற்ற ஜல் ஜீவன் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதன் விதி மிக அழகியது: ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீர், குறித்த தரத்தில், ஒழுங்காக வந்தால்தான் அது இயங்கும் இணைப்பு. ஆயினும் மேடையில் முழங்கப்படுவது எது? இத்தனை வீடுகளுக்குக் குழாய் கொடுத்தோம் என்னும் எண்ணிக்கையே. குழாயை எண்ணுவது எளிது. குழாயில் வருவதை எண்ணுவது கடினம். காவிரி நீர் வராத நாளில் ஆழ்துளைக் கிணற்று நீரை அதே மேல்நிலைத் தொட்டியில் ஏற்றினால், தொட்டியின் நீர்மட்டத்தைக் காட்டும் கருவி "நிறைந்தது" என்றே சொல்லும். குழாய் அதே குழாய். கணக்கில் அது அதே இணைப்பு. குழந்தையின் குவளையில் மட்டும் வேறு நீர்! நிறுவையில் மோசம் செய்வோரைக் கண்டிக்கவென்றே திருமறையில் முதஃப்பிஃபீன் என ஓர் அத்தியாயம் உண்டு. அது அரிசிக் கடைத் தராசுக்கு மட்டும் உரியதென நாம் எண்ணிவிடலாகாது.

"கணக்கை மறைக்கவில்லையே! நீர்ச் சோதனை முடிவுகள் இணையத்தில் உள்ளனவே!" என்று மறுமொழி வரும். உண்மைதான், உள்ளன. ஆனால் பென்னாகரத்திலோ பாலக்கோட்டிலோ குழாயடியில் குடத்துடன் நிற்கும் மூதாட்டி அந்தப் பக்கத்தை எங்ஙனம் திறப்பார்? திறந்தாலும், புள்ளிவிவரக் காட்டுக்குள் தம் தொட்டியை எங்ஙனம் தேடுவார்? வெளியிடுதல் வேறு, அறிவித்தல் வேறு. தேடி வருவோர்க்கு மட்டும் கிடைப்பது வெளியீடு. தேடத் தெரியாதவர் வாயிலுக்கும் வந்து சேர்வதே அறிவிப்பு.

இதற்கு நம் வரலாற்றில் ஒரு முன்மாதிரி உண்டு. கெய்ரோவின் ரவ்ளா தீவில் கி.பி. 861-இல் அப்பாசியக் கலீபா முதவக்கில் காலத்தில் நைல் நதியின் உயரத்தை அளக்க 'மிக்யாஸ்' என்னும் அளவுத்தூண் கட்டப்பெற்றது. ஆற்றின் ஏற்றம் பதினாறு முழத்தை எட்டியதா என்பதைப் பொறுத்தே நிலவரி விதிக்கப்பட்டது. அன்றைய தரவு அது; அன்றைய கட்டுப்பாட்டு மையம் அது. ஆனால் அளவு தூணோடு நின்றுவிடவில்லை. அறிவிப்பாளன் தெருத்தெருவாகச் சென்று, இன்று ஆறு இத்தனை விரல் உயர்ந்தது எனக் கூவினான். உழவனும் வணிகனும் அதைக் கேட்டே தத்தம் தொழிலை வகுத்தனர்.

இங்கேதான் எதிர்வாதிகள் ஒரு வலிய வாதத்தை வைப்பர். "எண்ணைச் சொன்னால் மக்கள் அஞ்சுவர், குழப்பம் விளையும்" என்பர். இவ்வாதமும் பழையதே. ஃபாத்திமியக் கலீபா முஇஸ்ஸு, நீர் பதினாறு முழம் எட்டும்வரை அளவைப் பறைசாற்றக் கூடாதெனத் தடுத்தார் என்று வரலாற்றாசிரியர் மக்ரீஸி எழுதுகிறார். வெள்ளம் குறைவெனக் கேட்டதும் தானியத்தைப் பதுக்கி விலையேற்றுவோர் இருந்தமையே காரணம். அங்கு ஒரு நியாயம் இருந்தது. இங்கு என்ன நியாயம்? ஃபுளோரைடை யாராவது பதுக்குவார்களா? நைலின் அளவை மறைத்தபோது பதுக்கல்காரன் தடுக்கப்பட்டான். நம் தொட்டியின் அளவை மறைத்தால் தடுக்கப்படுவது, பிள்ளைக்கு வேறு நீர் தேடியிருக்கக்கூடிய தாய் அல்லவா?

இனி நம்மவரிடம் சில சொற்கள். "இது அரசாங்கத்தின் காரியம், தீனுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?" எனக் கேட்போர் நம்மிலும் உளர். மருத்துவத்தையும் கணக்கையும் ஃபர்ளு கிஃபாயாவில் சேர்த்தவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). ஊரில் சிலரேனும் அவற்றைக் கற்றுச் செய்யாவிடில் ஊர் முழுவதும் குற்றவாளியாகும் என்பதன்றோ அதன் பொருள்? தருமபுரி நீரின் கணக்கில் மருத்துவமும் உண்டு, கணிதமும் உண்டு. இதைவிடத் தெளிவான ஃபர்ளு கிஃபாயா வேறெது?

இன்னும் சிலர், "நாங்கள் கேன் தண்ணீர் வாங்கிக்கொள்கிறோம்" என அமைதி கொள்கின்றனர். வாங்க வசதியுள்ளவர் வாங்கட்டும், தவறில்லை. ஆனால் கேள்வி கேட்கும் திறனுடையோர் எல்லாம் கேனுக்கு மாறிவிட்டால், குழாயடியில் நிற்பவருக்காகக் கேட்பவர் யார்? மதீனாவில் ரூமா கிணற்று நீர் விலைக்கு விற்கப்பட்டபோது, உஸ்மான் (ரலி) அவர்கள் தமக்கு வேண்டிய குடங்களை மட்டும் வாங்கி வீடு திரும்பவில்லை. கிணற்றையே விலைக்கு வாங்கி மக்களுக்கு வக்ஃபு செய்தார்கள். செல்வம் இருந்தால் நடந்துகொள்ள வேண்டிய முறை அது.

நாம் கோருவது வானத்து நட்சத்திரம் அன்று. ஒவ்வொரு மேல்நிலைத் தொட்டியிலும், பள்ளிக்கூடச் சுவரிலும், நியாயவிலைக் கடையிலும் ஒரு கரும்பலகை வேண்டும். அதில் நல்ல தமிழில் நான்கு செய்திகள்: இந்நீர் காவிரியிலிருந்து வந்ததா, கிணற்றிலிருந்தா, இரண்டும் கலந்ததா, ஃபுளோரைடு எவ்வளவு, எந்நாளில் சோதிக்கப்பட்டது, இவ்வாரம் எத்தனை மணி நேரம் நீர் வந்தது. சோதிக்க ஆளில்லை என்று எவரும் சொல்ல வேண்டாம். ஊருக்கு ஐந்து பெண்களைக் கையடக்கச் சோதனைப் பெட்டியில் பழக்க வேண்டும் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் சொந்த விதியே. மருந்துத் துளிகளை நீரில் கலந்து, நிறமாற்றம் கண்டு அளவைச் சொல்லும் எளிய வேலை அது. நம் வீட்டுப் பெண்மக்கள் அந்த ஐவரில் இடம்பெற முன்வரட்டும். ஐயத்துக்கிடமான முடிவை மாவட்ட ஆய்வகத்துக்கு அனுப்பி உறுதிசெய்யட்டும்.

அரசு பலகை வைக்கும்வரை நாம் காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஐவேளைத் தொழுகையின் நேரத்தை நிமிடம் பிசகாமல் எழுதி வைக்கும் பலகை ஒவ்வொரு பள்ளிவாசலிலும் உண்டு. முத்தவல்லிகளும் ஜமாஅத் நிர்வாகிகளும் அதனருகே இன்னொரு பலகையை மாட்டட்டும். பள்ளியின் நீரைச் சோதித்து, அதன் அளவைச் சாதி சமயம் பாராமல் தெருவார் அனைவரும் காணும்படி எழுதட்டும். பக்கத்துத் தெரு மாரியம்மன் கோயிலாரும் தேவாலயத்தாரும் அதைக் கண்டு தாமும் எழுதினால் நமக்கு அதைவிட மகிழ்ச்சி வேறில்லை. நீர் எல்லோருக்கும் பொது. அதன் அளவும் எல்லோருக்கும் பொது. அந்த அளவு அதிகாரியின் சொத்தன்று, அவர் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானத். அமானத்தை உரியவரிடம் சேர்க்காமல் திரையில் வைத்து அழகு பார்ப்பதை நம் மார்க்கம் எப்பெயரால் அழைக்கும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.