பறையைத் துறந்தோம், 'டிரம்'மைச் சுமந்தோம்!



வாசுதேவநல்லூர்க் கடைத்தெருவில் சற்றே நின்று செவிகொடுத்துக் கேளுங்கள். தண்ணீர் நிரப்பும் கலம் 'டிரம்'. சாலைக்குக் கீல் வந்திறங்கும் கலம் 'டிரம்'. சரக்குந்தின் ஓட்டத்தை நிறுத்தும் உருளை 'டிரம்'. திருமண ஊர்வலத்தில் முழக்கும் கருவியும் 'டிரம்'! மொழிமுதலில் வாராதெனத் தொல்காப்பியர் விலக்கிய டகரத்தைத் தலையில் ஏந்திவந்த ஓர் அயற்சொல், மிடா, சால், உருளை, பறை என்னும் நான்கின் இருக்கையிலும் ஒருங்கே ஏறி அமர்ந்துவிட்டது.

இல்லாதான் கடன் கொள்வது குற்றமன்று. களஞ்சியம் நிறைய நெல்லை வைத்துக்கொண்டு கையேந்துவானை என்னென்பது? முழவு, முரசு, துடி, தண்ணுமை, தடாரி, குடமுழா, திமிலை, தக்கை என முப்பதுக்கும் மேற்பட்ட தோற்கருவிகளைச் சிலப்பதிகார உரையில் அடுக்குகிறார் அடியார்க்கு நல்லார். தொல்காப்பியரோ பறையை நிலத்தின் கருப்பொருள்களுள் ஒன்றாகவே வைத்தார். குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி எனப் பின்வந்த இலக்கணிகள் வகுத்தனர்.

பறை என்னும் ஒரு சொல் சுமக்கும் பொருள்தான் எத்துணை! மறை காவாக் கயவரை வள்ளுவர் அறையப்படும் பறைக்கு ஒப்பிட்டது 1076ஆம் குறள். பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தார் இன்றும் அவ்வாறே பேசுகின்றனர். அவர்கள் நெல்லளக்கும் கலமும் பறையே. பறவையின் சிறகும் அது பறத்தலும் கழக நூல்களில் பறை. திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கண்ணனிடம் வேண்டிநின்றதும் பறை.

இத்தகைய சொல்லை எவன் பறித்தான்? அயலான் பறிக்கவில்லை; நாமே தெருவில் எறிந்தோம்! பிறவியால் ஏற்றத்தாழ்வு கற்பித்த கொடுமை, முதலில் முழக்கியவனை ஊர்ப்புறத்தே தள்ளியது. பின்னர்க் கருவியைச் சாவுக்கென ஒதுக்கியது. இறுதியில் சொல்லையே நாக்கூசச் செய்தது. குடியென எண்ணத்தக்கோர் துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நால்வரே என்று மாங்குடி கிழார் பாடியது புறநானூற்றின் 335ஆம் பாட்டு. அப்பெயர் 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துட் புகுந்து, 'ஒதுக்கப்பட்டவன்' என்னும் பொருளோடு உலகெங்கும் உலவுகிறது. தமிழன் உலகுக்கு ஈந்த சொற்களுள் இதுவும் ஒன்று. எத்துணை நாணத்தக்க கொடை!

இரட்டைமலை சீனிவாசனார் 1893இல் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். இழிவு சொல்லில் இல்லை. இகழ்வார் நெஞ்சில் உள்ளது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? சாப்பறை அடிக்க மாட்டோம் என இன்று மறுக்கும் இளைஞரும் நன்றே செய்கின்றனர். அவர்கள் மறுப்பது பிறப்பால் சுமத்திய கட்டாயத்தை, இசையை அன்று.

நம்மவரைக் கேட்கிறேன். மேடையேறிப் 'பறைசாற்றுகிறோம்' என்று முழங்குகிறீர். பறை முழக்குவானை உம் திண்ணையில் அமர்த்துவீரோ? அரசர்க்குரிய முரசை இதழ்ப்பெயராக்கி மகிழ்கிறீர். முரசிலும் பறையிலும் உள்ளது தோல்தானே? அயற்சொல்லை நெல்லிற் கல்லெனப் பொறுக்கும் நம்முள்ளும் சிலர், 'பறை' வருமிடத்து 'முழவு' என்றெழுதி நழுவுகின்றனர். இது தூய்மையா? தீட்டு!

அறிவியல் வகுப்பில் 'செவிப்பறை' என்று மாணவர் கூசாது எழுதுகின்றனர். குலம் பாராது ஒவ்வொருவர் செவிக்குள்ளும் ஒரு பறை இருக்கிறது. உள்ளே இருக்கும் பறையால் கேட்டுக்கொண்டே வெளியே ஒலிக்கும் பறையை இகழ்வது என்ன அறிவு?

மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மசிறீ விருது அறிவித்தது தில்லி. விருது அங்கிருந்து வரலாம். ஊரில் இருக்கையை நாமல்லவோ தரவேண்டும்! திருமண அழைப்பிதழில் 'பறையிசை' என்று அச்சிடுங்கள். பறை முழக்குவோரை மணப்பந்தலின் முன்வரிசையில் அமர்த்துங்கள். அவர்களோடு ஒரே பந்தியில் உண்ணுங்கள். அன்று 'டிரம்' தானே இறங்கி ஓடும். அதுவரை நாம் பேசும் தூயதமிழ் பாதித் தமிழே!