தோட்டத்தில் மின்கருவிகள்

தலைநகர் தில்லியில் சிறிது மண் வாய்க்கப்பெற்ற அன்பர்கள், அம்மண்ணுக்கே உரிய செடிகளை வளர்த்தல் நன்று. ஆடாதோடையும் புரசும் நம் ஊர்களில் நாம் கண்டு பழகியவை. தில்லியை அடுத்த ஆரவல்லிக் குன்றுகளுக்கும் அவை உரியவையே. இத்தகைய தோட்டத்திற்கு நீரும் உரமும் குறைவாகவே வேண்டும். ஆயினும் பராமரிப்பே வேண்டுவதில்லை என்று கொள்ளலாகாது. அதற்கு உதவும் மின்கருவிகள் சிலவற்றை ஈண்டுக் கூறுவோம்.

மழைக்காலத்தில் ஓங்கி வளரும் புல்லை அறுக்கப் புதர்வெட்டி உதவும். அதிலே சுழலும் நைலான் இழை இளங்கன்றின் பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டால், இலைகள் ஆக்கும் உணவு வேருக்குச் செல்லாது; கன்று பட்டுப்போகும். ஆதலின் கன்றைச் சுற்றி ஒரு சாண் அளவு புல்லைக் கையாலேயே களைய வேண்டும். நாட்டுப் புற்களை விதை உதிர்ந்த பின்னரே அறுத்தால், அடுத்த ஆண்டும் அவை தாமே முளைக்கும்.

ஆடாதோடை வேலியைச் சீர்செய்ய வேலி கத்தரிக்கும் மின்கருவி போதும். பூ முடிந்தபின், உள்ளே பறவைக் கூடு இல்லையென்று பார்த்துக் கத்தரிக்க வேண்டும்.

உலர்ந்த இலைகளைத் திறந்தவெளியில் எரிப்பதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ஆம் ஆண்டில் தில்லியில் தடைசெய்தது. சருகு அரைக்கும் இயந்திரத்தில் இட்டுப் பொடித்துச் செடியடியில் பரப்பினால், கோடையிலும் மண்ணில் ஈரம் நிற்கும்.

இனி, சங்கிலி வாள். இதனிடம் மிக்க எச்சரிக்கை வேண்டும். 1994-ஆம் ஆண்டின் தில்லி மரப் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த நிலத்து மரமாயினும் மர அலுவலரின் அனுமதியின்றி வெட்டலாகாது. அன்றியும், வாளால் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து பரவிய சீமைக் கருவேலத்தைத் தரைமட்டத்தில் அறுத்தால் மீண்டும் பல கிளைகளாகத் துளிர்க்கும். ஜோத்பூரில், மெஹரான்கட் கோட்டையை ஒட்டிய பாறை நிலத்தில் 2006-ஆம் ஆண்டு நாட்டுத் தாவரங்களை மீட்கும் பணி தொடங்கியபோது, இம்மரமே பெருந்தடையாக நின்றது. அதனை வென்றவர்கள் அவ்வூர்க் கல்லுடைக்கும் தொழிலாளர்கள். உளியும் சுத்தியலும் கொண்டு பாறையைக் குடைந்து, வேரின் துளிர்க்கும் பகுதியையே அவர்கள் அகற்றினர். அங்கே இன்று ராவ் ஜோதா பாலைப் பாறைப் பூங்கா விளங்குகிறது.

இதனால் நாம் அறிவது யாது? மேலே வளர்ந்ததை விரைந்து குறைக்கவே மின்கருவி வல்லது. எதை விடுவது, எதை வேரோடு களைவது என்று தெளிய, செடியை அறிந்த கண்ணும் பொறுமையுள்ள கையும் வேண்டும்.

ஈர நிலத்தில் கம்பிவழி இயங்கும் கருவியைப் பயன்படுத்தலாகாது. மின்கசிவுக் காப்பு விசை இல்லாத இணைப்பும் ஆகாது. கண்ணாடியும் கனத்த காலணியும் இன்றியமையாதவை. ஆண்டில் சில நாளே பயன்படும் இக்கருவிகளை அண்டை வீட்டார் நால்வர் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்துகொண்டால் செலவும் குறையும், நட்பும் வளரும்.