காதலிக்கு ஊர் இல்லை

மதிப்புரைக்கு வந்த நாவல் ஒன்றின் களம் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் என்றதும் ஆவலோடு எடுத்தோம். சென்னையிலிருந்து விடுமுறைக்கு வந்த இளைஞன், துன் சம்பந்தன் சாலைப் பூக்கடையில் ஒரு பெண்ணைப் பார்க்கிறான். பிறகு பத்துமலைப் படிகள், இரட்டைக் கோபுர வெளிச்சம், கிள்ளானில் புடவைக்கடை, விமான நிலையத்தில் கண்ணீர். முடித்தபோது வருத்தமே மிஞ்சியது.

காதல் கதை எழுதியதில் தவறில்லை. வெளியூர்க்காரர் எழுதியதிலும் தவறில்லை. தமிழக எழுத்தாளர் அகிலனும் இங்கே வந்து போனவர்தான். அவருடைய 'பால்மரக் காட்டினிலே' தோட்டத்து மக்களின் பாடுகளை எழுதிய நாவல். எங்கள் குறை வேறு. பூக்கடைப் பெண் யார் வீட்டுப் பிள்ளை, அவள் காதலித்தால் வீட்டில் யார் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பார், நாவலுக்குத் தெரியவில்லை. நூற்றாண்டுப் பழமை என்று அது வியக்கும் வண்ண வளைவுகள் 2010இல் 'லிட்டில் இந்தியா'வுக்காக எழுப்பியவை.

இந்த இடத்தின் உண்மையான பழமை வேறு. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தபின், செங்கல்லால் கட்டச் சொன்னது அரசு. அதற்குச் சூளை போட்ட இடம் பிரிக்பீல்ட்ஸ். பின்னால் ரயில்வே வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலம் படித்தவர்கள் குமாஸ்தாக்களாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் வந்தார்கள். தமிழகத்திலிருந்து வந்தவர்கள் தண்டவாளம் போட்டார்கள். பேசியது ஒரே தமிழ். ஆனால் ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயில் யாழ்ப்பாணத்தார் எழுப்பியது. சங்கமும் சம்பந்தமும் தனித்தனி. இந்தக் கோட்டைத் தாண்டி ஒரு குமாஸ்தாவின் மகளும் ஒரு கூலியின் மகனும் பார்த்துக்கொண்டால், எழுத எவ்வளவு இருக்கிறது!

கிள்ளானை நாவல் இரண்டே பக்கத்தில் கடந்துபோகிறது. எங்களுக்கு அங்கேதான் மனம் நின்றுவிட்டது. 1941இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. முன்னின்றவர்களில் ஒருவர் 'தமிழ் நேசன்' பத்திரிகையின் ஆசிரியர் குழுவில் இருந்த ஆர். எச். நாதன். கேட்டது கூலி உயர்வு மட்டுமல்ல. வெள்ளைத் துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் கட்டாயம் ஒழிய வேண்டும், துரைமாரும் தோட்டத்துக் குமாஸ்தாக்களான கிராணிமாரும் எங்கள் பெண்களைத் தொடக்கூடாது என்றும் கேட்டார்கள். ஆங்கிலேய அரசு நாதனைப் பிடித்து நாடு கடத்தியது. ராணுவம் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். அந்த லயத்து வீடுகளிலும் ஆணும் பெண்ணும் காதலித்திருப்பார்கள். ஒரு பெண் அச்சமில்லாமல் பால்மரம் வெட்டப் போய்வருவதே போராடிப் பெறவேண்டியதாக இருந்த இடத்தில், காதலுக்கு என்ன விலை இருந்திருக்கும்?

மலேசிய எழுத்தாளர் அ. ரெங்கசாமி 'லங்காட் நதிக்கரை' நாவலில் அந்த ஆற்றங்கரை மக்களையே எழுதினார். மண்ணை அறிந்த எழுத்துக்கு நம்மிடமே முன்னோடிகள் உண்டு.

இந்த நாவலைப் பரிந்துரைக்க எங்களால் இயலவில்லை. ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர்களே, தோட்டம் விற்கப்பட்டுக் கிள்ளானுக்குக் குடிவந்தவர்களே, உங்கள் வீட்டுக் காதல் கதைகளை எழுதி அனுப்புங்கள். பக்கக் கணக்கு பார்க்காமல் வெளியிடுகிறோம்.