கொழுந்துக்கு நிறுவை உண்டு, ஓவியத்துக்கு?

போன வாரம் இரண்டு நாள் விடுப்பு கிடைத்தது. காலை நிகழ்ச்சியைத் தோழியிடம் ஒப்படைத்துவிட்டு, கேமரன் மலையில் ரிங்லெட் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் சின்னம்மா வீட்டுக்கு மலையேறிவிட்டேன். குளிரும் சூடான தேநீரும் போதும் என்றுதான் போனேன். அங்கே தம்பி ஒரு சிக்கலோடு காத்திருந்தான்.

சின்னம்மா மகன் நன்றாக வரைவான். பலகை விளையாட்டு தயாரிக்கும் கோலாலம்பூர் நிறுவனம் ஒன்று அவனைத் தேடி வந்திருக்கிறது. விளையாட்டு நடக்கும் இடம் தேயிலைத் தோட்டம். நாற்பது அட்டைகளுக்குப் படம் வேண்டும். “தோட்டத்துப் பையனே வரைந்தான் என்றால் நமக்குப் பெருமை” என்றார்களாம். பத்துப் படங்கள் அனுப்பினான். பதில் வந்தது: கொழுந்து எடுக்கும் பெண்கள் இன்னும் ஏழையாகத் தெரியணும், கையில் போன் இருக்கக் கூடாது, பக்கத்தில் கங்காணி கம்போடு நிற்கணும். சம்பளம்? விளையாட்டு விற்ற பிறகு. பெட்டியில் பெயர் வருமா? பார்க்கலாம். ஒப்பந்தம்? வாட்ஸ்அப்பில் பேசியதுதான்.

“முடியாதுன்னு சொன்னா அடுத்த வேலை வராதேக்கா” என்றான்.

அந்தப் பயம் எனக்கும் தெரியும். படிப்பு முடித்த புதிதில் விளம்பரங்களுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை “எஸ்டேட் ஆள் மாதிரி பேசுங்க” என்றார்கள். என் பாட்டி பேசுவதுபோலப் பேசினேன். அது போதாதாம், கேட்பவர்கள் சிரிக்க வேண்டுமாம். மறுக்கத் துணிவில்லாமல் அப்படியே பேசிக் கொடுத்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது.

தம்பியின் பிரச்சினை கோலாலம்பூரோடு நிற்பதில்லை. ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ கேள்விப்பட்டிருப்பீர்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, கதை சொல்லியே ஆடும் விளையாட்டு. 1974-ல் அமெரிக்காவில் வந்தது. இந்தத் துறையில் எழுதுவோரிலும் வரைவோரிலும் பலர் பிரீலான்ஸ் ஆட்கள். எழுத்தாளருக்குப் பெரும்பாலும் சொல் கணக்கில் கூலி, நம் பாட்டிமார்களுக்குக் கிலோ கணக்கில் கிடைத்ததுபோல.

2022-ல் இந்த விளையாட்டின் ஒரு புத்தகத்தில், அடிமைகளாக வளர்க்கப்பட்ட குரங்கு போன்ற ஓர் இனம் வந்தது. கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் பழைய கதைகளின் சாயல் அதில் இருப்பதாக எதிர்ப்புக் கிளம்பியது. வெளியிட்ட விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் செப்டம்பரில் மன்னிப்புக் கேட்டு அந்தப் பகுதிகளை நீக்கியது. இனி வெளியிலிருந்து பண்பாட்டு அறிஞர்களைக் கொண்டு படித்துப் பார்ப்போம் என்று பிறகு அறிவித்தது.

அதே ஆண்டு அதே நிறுவனம் ‘ஜர்னீஸ் த்ரூ த ரேடியன்ட் சிட்டடெல்’ என்ற தொகுப்பையும் கொண்டுவந்தது. எழுதிய 16 பேரும் வெள்ளையரல்லாதவர்கள். திட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் அஜித் ஜார்ஜ். தமிழ்நாட்டில் ஓசூர் பக்கம் ஏழைப் பிள்ளைகளுக்காக நடக்கும் சாந்தி பவன் பள்ளியை 1997-ல் தொடங்கியவர் அவருடைய தந்தை. அஜித்தும் அந்தப் பள்ளிக்காக உழைப்பவர். கொல்கத்தாவைச் சேர்ந்த தலித் எழுத்தாளர் மிமி மொண்டல், வங்காள மண்ணின் சாயலில் ஒரு கதை எழுதினார். தங்கள் மண்ணைத் தாங்களே எழுதினார்கள், பெயரும் புத்தகத்தில் வந்தது. ஒரே ஆண்டில், ஒரே நிறுவனத்தில் இந்த இரண்டும் நடந்தன.

ஆளைச் சேர்ப்பது ஒன்று, அவர் சொல்வதைக் கேட்பது வேறு. “தோட்டத்துப் பையன்” என்ற பெயர் மட்டும் வேண்டும், அவன் கண்ணில் பட்ட தோட்டம் வேண்டாம் என்றால் அதற்குப் பெயர் பன்முகத்தன்மை இல்லை.

சரி, தனியாள் எப்படிக் கேட்பது? ‘பாத்ஃபைண்டர்’ விளையாட்டை வெளியிடும் பைசோ நிறுவனத்தில் நடந்ததைத் தம்பிக்குச் சொன்னேன். 2021-ல் அங்கே ஊழியர்கள் நடத்தப்பட்ட விதம் பற்றிக் குற்றச்சாட்டுகள் வெளிவந்தன. பிரீலான்ஸ் எழுத்தாளர்கள் பலர் சேர்ந்து எழுதுவதை நிறுத்தினார்கள். அக்டோபர் 14-ல் ஊழியர்கள் தொழிற்சங்கம் அறிவித்தபோது, இவர்கள் தங்கள் கோரிக்கைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, “முதலில் சங்கத்தை அங்கீகரியுங்கள்” என்றார்கள். அந்தச் சங்கத்தில் அவர்களுக்கு இடம்கூட இல்லை! ஒரே வாரத்தில், அக்டோபர் 21-ல் நிறுவனம் இணங்கியது.

இது நமக்கும் புதிதில்லை. 1941-ல் கிள்ளான் தோட்டங்களில் நம்மவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது சீனத் தொழிலாளருக்கு இணையான கூலியைக் கேட்டார்கள். கூடவே, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றும் சொன்னார்கள். கூலியும் மரியாதையும் அவர்களுக்கு ஒரே கோரிக்கைப் பட்டியலில் இருந்தன.

நம் நாட்டில் கிக் தொழிலாளர் மசோதா 2025 ஆகஸ்டு 28-ல் மக்களவையில் நிறைவேறியது. ஒப்பந்தம், தகராறுக்குத் தீர்ப்பாயம், சமூகப் பாதுகாப்பு எல்லாம் அதில் உண்டு. எந்தெந்த வேலைகள் அதில் அடங்கும் என்பதை ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால், எழுதிக் கொடுங்கள் என்று கேட்க எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சின்னம்மா அடுப்படியிலிருந்தே சொன்னார்: “நிறுவை முள்ளைப் பார்க்காம நாங்க ஒருநாளும் கூடையைக் கொட்டுனதில்லடா.”

அதே விளையாட்டுக்கு வரையும் இன்னும் மூன்று பேரைத் தம்பிக்குத் தெரியும். அன்றிரவே அவர்களை அழைத்துப் பேசினான். நால்வரும் சேர்ந்து மூன்றே வரி அனுப்பினார்கள்: பாதிப் பணம் முன்னால் வேண்டும், பெட்டியில் பெயர் வேண்டும், எங்களைக் கேட்காமல் படத்தை மாற்றக் கூடாது.

நான் மலையிறங்கும்வரை பதில் வரவில்லை. வேலை போனாலும் போகலாம் என்று அவனுக்கும் தெரியும். புறப்படும்போது எட்டிப் பார்த்தேன், பதினோராவது படம் வரைந்துகொண்டிருந்தான். முதுகில் கூடை, கையில் போன், மகளோடு பேசிச் சிரிக்கும் ஒரு பெண். சின்னம்மாவேதான்.