ஒரே இல்லத்தில் இரு முழங்கால்கள்

டில்லியில் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் முழங்கால் வலியுடன் நடமாடும் பெண்மணிகள் இருவரைக் காணலாம். ஒருவர் அவ்வில்லத்தின் தலைவி. மற்றவர் அவ்வில்லத்தைப் பெருக்கித் துடைத்துப் பாத்திரம் துலக்க வருபவர். இருவரும் தமிழ் பேசுகிறவர்கள். ஒருவரின் பூர்வீகம் தஞ்சையாகவோ நெல்லையாகவோ இருக்கும், மற்றவரின் ஊர் சேலத்தையோ விழுப்புரத்தையோ அடுத்திருக்கும். இருவருக்கும் வயது ஐம்பதைக் கடந்திருக்கும். இருவர் வீட்டு அலமாரியிலும் ஒரே தைலப் புட்டி இருக்கும். எனினும் பத்தாண்டுகள் கழித்துப் பார்த்தால், முதலாமவர் மாலையில் பூங்காவில் உலவிக்கொண்டிருப்பார். இரண்டாமவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார், வேலையும் போயிருக்கும். நோய் ஒன்றாயிருக்க முடிவு இரண்டாவது ஏன் என்பதே இம்மாதம் நாம் ஆராயப் புகும் பொருள்.

மூட்டு வலி உட்கார்ந்து உண்ணும் செல்வர்களுக்கே வரும் என்றொரு எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அது பிழை. 1996-ஆம் ஆண்டில் புனே நகருக்கு அருகே பிக்வான் என்னும் சிற்றூரில் வீடு வீடாகச் சென்று ஓர் ஆய்வு தொடங்கினார்கள். அவ்வூரில் வயது வந்தோருள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மூட்டு, தசை வலிகளால் துன்புறுவதைக் கண்டார்கள். அவர்கள் உழுதும் சுமந்தும் பிழைப்பவர்கள். குந்தியும் மண்டியிட்டும் நாள்தோறும் வேலை செய்வோருக்கு முழங்காலின் குருத்தெலும்பு விரைவில் தேய்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இத்தேய்மானம் மிகுதி. நாளொன்றுக்கு ஐந்து வீட்டுத் தரையைக் குந்தித் துடைப்பவரின் முழங்கால் எந்த நிலையில் இருக்கும் என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

இனிச் சிகிச்சைக்குப் போகும் வழியைப் பார்ப்போம். இல்லத் தலைவியின் கணவர் மத்திய அரசு ஊழியராயின், 1954-இல் இந்நகரிலேயே தொடங்கிய மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தின் அட்டை அவர் கையில் இருக்கும். ஆலைத் தொழிலாளருக்கு 1948-ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டம் உண்டு, அதுவும் 1952-இல் கான்பூரிலும் டில்லியிலுமே முதன்முதலில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அச்சட்டம் தொழிற்கூடங்களை நோக்கி எழுந்தது. வீடு தொழிற்கூடம் அன்றாதலின், வீட்டில் உழைப்பவர் அதன் நிழலில் ஒதுங்க இயலவில்லை.

2018-இல் பிறந்த ஆயுஷ்மான் பாரத் திட்டம் இக்குறையை ஓரளவு நீக்க முற்பட்டது. குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கும் திட்டம் அது. நகரங்களில் யார் யாருக்கு என வகுத்த தொழில்களுள் வீட்டு வேலையும் ஒன்றாக இடம் பெற்றது. ஆயினும் 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பெயர் பதிந்திருக்க வேண்டும் என்றொரு நிபந்தனையும் உடன் வந்தது. அவ்வாண்டில் ஊருக்கும் டில்லிக்கும் இடையே அலைந்துகொண்டிருந்த குடும்பம் எந்தப் பட்டியலில் இருக்கும்? டில்லி அரசு இத்திட்டத்தில் இணைந்ததே 2025-இல்தான். எழுபது வயது நிரம்பியோர் வருவாய் வேறுபாடின்றிச் சேரலாம் என 2024-இல் வழி திறந்தார்கள், நல்லதே. ஆனால் தரை துடைப்பவரின் முழங்கால் எழுபது வரை காத்திருப்பதில்லை.

ஊரில் அட்டை வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மத்திய அரசின் திட்டத்தைச் சேர்ந்த அட்டையாயின், அத்திட்டத்தில் இணைந்த எந்த மாநில மருத்துவமனையிலும் சிகிச்சை பெறலாம் என்பது விதி. தமிழக அரசின் காப்பீடு மட்டுமாயின் நிலைமை வேறு. கையில் இருப்பது எது என்பதை 14555 என்னும் தொலைபேசி எண்ணில் விசாரித்து அறிந்துகொள்வது நலம். வண்டியேறி மருத்துவமனை வாயிலை அடைந்த பிறகு அறிவதில் பயனில்லை.

அட்டை கிடைத்துவிட்டால் துன்பம் தீர்ந்ததா எனில், அதுவும் இல்லை. இத்திட்டம் மருத்துவமனையில் படுக்கையில் சேர்ந்தோருக்கானது. சேர்வதற்கு முந்திய மூன்று நாளும் வெளியேறிய பின் பதினைந்து நாளுமே அதன் கணக்கில் அடங்கும். முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டவருக்கோ பயிற்சி பல வாரங்கள் தேவை. சிலருக்கு மாதக்கணக்கில் வேண்டியிருக்கும். அது மட்டுமன்று. அறுவையே வேண்டாதபடி நோயைத் தொடக்கத்தில் தடுக்கும் வைத்தியம், அதாவது டாக்டரின் ஆலோசனை, பிசியோதெரபி, முறையான உடற்பயிற்சி ஆகியவை புறநோயாளிப் பிரிவில் நடப்பவை. இவ்வட்டை அங்கே செல்லாது. முழங்கால் முற்றிலும் கெட்ட பின் மாற்றித்தர உதவி உண்டு, கெடாமல் காக்க உதவி இல்லை என்பதை என்னவென்று சொல்வது!

மாற்று மூட்டின் விலையும் ஒரு காலத்தில் மலைப்பூட்டுவதாயிருந்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்ற கோபால்ட்-குரோமிய மூட்டுக்கு 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை ஆணையம் வரி நீங்கலாக 54,720 ரூபாய் என உச்சவரம்பு விதித்தது. விலையை அரசு நினைத்தால் குறைக்க இயலும் என்பதற்கு அது சான்று. எனினும் மூட்டின் விலை குறைந்ததனால் அறைவாடகையும் டாக்டர் கட்டணமும் குறைந்துவிடவில்லை. வேலைக்குச் செல்லாத நாட்களின் கூலியை ஈடுசெய்வாரும் இல்லை.

கூலி என்றதும் தொலைவும் நினைவுக்கு வருகிறது. ஜங்புராவை அடுத்துப் பாராபுல்லா வாய்க்கால் கரையில் பல்லாண்டுகள் இருந்த மதராஸி கேம்ப் 2025 ஜூன் முதல் நாளன்று இடிக்கப்பட்டதை நேயர்கள் அறிவார்கள். தகுதி பெற்ற குடும்பங்களுக்கு நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள். வேலை தென்டில்லியில், வீடு வடகோடியில் என்றால் முழங்கால் வலியுடன் பஸ்ஸில் நின்றே நகரைக் கடக்க வேண்டும். பெரிய அரசு மருத்துவமனைகளிலோ விடியுமுன்னரே வரிசை நீண்டுவிடும். ஒருநாள் டாக்டரைப் பார்ப்பது, ஒருநாள் எக்ஸ்ரே, இன்னொரு நாள் முடிவு கேட்பது என மூன்று நாட்கள் கழியும். மூன்று நாட்கள் வராதவருக்குப் பதிலாக நான்காம் நாள் வேறொருவரை அமர்த்திக்கொள்ளும் இல்லங்கள் நம்மிடையேயும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

எல்லாவற்றிலும் நுட்பமான தடை மொழி. நம் மொழியில் வலிக்கு எத்தனை பெயர்கள்! குடைச்சல், குத்தல், கடுப்பு, உளைச்சல், பிடிப்பு, எரிச்சல், மரமரப்பு, விறைப்பு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிலையைச் சுட்டும். இவை வெறும் சொல்லலங்காரமல்ல. டாக்டருக்கு இவையே துப்பு. எரிச்சலும் மரமரப்பும் நரம்பு நசுங்குவதன் அடையாளமாகலாம். காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் விறைப்பு, தேய்மானமன்று, முடக்குவாதம் என ஐயுற இடந்தரும். ஹிந்தி சரளமாக வராத ஒரு பெண் இவை அத்தனையையும் ‘தர்த்’ என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார். இரண்டு நிமிடம் ஒதுக்கக்கூடிய டாக்டர் வலிமாத்திரை எழுதித் தருகிறார். அதை ஆண்டுக்கணக்கில் தின்று வயிற்றுப்புண்ணும் சிறுநீரகக் கேடும் தேடிக்கொண்டோர் உண்டு.

முடக்குவாதத்தில் இத்தாமதம் பொறுக்கத்தக்கதன்று. கைவிரல் மூட்டுகள் வீங்கி, இரு கைகளிலும் ஒருங்கே வலி தோன்றினால், சில மாதங்களுக்குள் மருந்து தொடங்க வேண்டும். தவறினால் மூட்டுகள் கோணிவிடும், பிறகு நேராவதில்லை. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. இதற்கு முதலில் தரும் மெதோட்ரெக்சேட் விலை மலிவான மருந்து, ஏழைக்கும் எட்டும். ஆனால் அது வாரம் ஒருமுறை மட்டுமே உண்ண வேண்டியது. சீட்டைப் படிக்க இயலாமல் நாள்தோறும் உண்டால் உயிருக்கே இறுதி நேரலாம். மொழி புரியாமையின் விலை எவ்வளவு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வாத வலி பறந்துவிடும் என்று பெயரில்லாப் பொட்டலங்களில் விற்கும் தூள்களைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை: இரண்டே நாளில் வலி மாயமாயிற்று என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு நொய்ந்துவிடும்.

ஆதலின் நம் சங்கத்து அன்பர்கள் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். ஹிந்தி அறிந்த நம் சகோதரிகளுள் பணி ஓய்வு பெற்றோர் பலர். மாதத்தில் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி, நம்மவர் ஒருவருடன் மருத்துவமனைக்குச் சென்று, அவர் சொல்வதை டாக்டருக்கும் டாக்டர் சொல்வதை அவருக்கும் எடுத்துரைக்கலாம். பழைய சீட்டுகள், எக்ஸ்ரே, உண்ணும் மாத்திரைகளின் அட்டை ஆகியவற்றை மறவாமல் உடன் கொண்டு செல்க. ‘வாரம் ஒன்று’ என்பதைத் தமிழில் எழுதி மருந்து உறையின் மீது ஒட்டிக் கொடுத்தாலே பேருதவி.

இல்லத் தலைவியர் செய்யக்கூடியதும் உண்டு. கையால் துடைத்தால்தான் மூலை முடுக்கு சுத்தமாகும் என்னும் பிடிவாதத்தை விட்டு, நீண்ட கம்புள்ள மாப் ஒன்றை வாங்கி வைக்கலாம். பாத்திரம் துலக்க உயரமான இடமோ முக்காலியோ தரலாம். மருத்துவமனைக்குச் செல்லும் நாளுக்குக் கூலி பிடிக்காதிருத்தல் சலுகையன்று, நியாயம். தாம் பிசியோதெரபியில் கற்ற பயிற்சியையும் சொல்லித்தரலாம். நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேரே நீட்டி, தொடைத் தசையை இறுக்கி ஐந்து எண்ணும் வரை நிறுத்தி இறக்குக. ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, காலையும் மாலையும். தொடைத் தசை வலுத்தால் முழங்காலின் சுமை குறையும். உடல் பருத்தவர் ஒரு கிலோ எடை குறைத்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீது இறங்கும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது எனக் கணக்கிட்டிருக்கிறார்கள். இரு பெண்மணிகளும் எதிரெதிரே அமர்ந்து இப்பயிற்சியைச் செய்வதில் தவறொன்றுமில்லை. காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

மருத்துவமனைத் துணைக்கு வர விரும்புவோர் தம் பெயரையும் ஓய்வான நாளையும் சங்க அலுவலகத்தில் பதிந்துகொள்ளலாம். அடுத்த இதழில் இடுப்பு வலியைப் பற்றி எழுதுவோம்.